ஆரூரன் கேட்டது நூற்றி எழுபது

மொன்ட்ரியால்-நோர்,
வைகாசி, ஞாயிறு பின்னேரம்.

அன்பு மகள் சிவாஜினிக்கு அம்மா எழுதிக்கொள்வது,

முருகன் காவலில் இங்கே நாங்கள் மூன்று பேரும் நல்ல சுகம், அங்கே பேர்த்தில் நீயும் மருமகனும் என் குஞ்சு நிஷானும் அதைவிடச் சுகமாக இருக்க வேண்டும். மூன்று பேரும் சுகம் என்று எழுதியிருக்கிறேனே, அதை இன்னொரு தரம் வாசி பிள்ளை. இத்தனை வருடமும் பிள்ளையார் சுழி போடுவதுபோலப் போட்ட வசனம் அது, உன் அண்ணையைப் பற்றி எழுதப் பயந்து மூன்று பேரையும் ஒரே சுகத்துக்குள் அடக்கிவிடுவேன். இந்த முறை அப்படியில்லை, எழுத்துக்கு எழுத்து உண்மை. ஃபோன் இருக்க ஏன் கடிதம் என்று நீ கேட்பாய். ஃபோனில் நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால் நீ இடையில் புகுந்து இப்ப எத்தனை மில்லிகிராம், ஆர் குறைக்கச் சொன்னது, நித்திரை கொள்ளுறாரா என்று தாதிமாரைப்போல விசாரிக்கத் தொடங்கிவிடுவாய், கதை பாதியில் நின்றுவிடும். கடிதத்தில் நீ வாயே திறக்க ஏலாது. மற்றது, இதை எழுதச் சொல்லி எனக்குத் தண்டனை. என் காதில் இப்போது ஒரு சாமான் தொங்குகிறது, அதோடு இருந்துதான் எழுத வேண்டுமாம். அது என்ன சாமான் என்பதைப் பிறகு சொல்கிறேன், அவசரப்பட்டுக் கடைசிப் பக்கத்தைப் பார்க்காதே.

போன இலையுதிர் காலத்தில் அண்ணையின் பழைய டொக்டர் ஓய்வு எடுத்துக்கொண்டு போக, புதிதாக ஒரு இளம் பெண் பிள்ளை வந்தாள் என்று சொன்னேனே, அவளில் இருந்துதான் எல்லாம் தொடங்கியது. பழையவர் நல்ல மனிசன், ஆனால் எங்களைக் கண்டால் நித்திரை எப்படி, சத்தம் சண்டை இல்லைத்தானே என்று என்னிடம் கேட்டு, அதே மருந்தை அப்படியே எழுதித் தந்துவிடுவார். இவள் என்னைப் பார்க்கவேயில்லை. அண்ணைக்கு நேரே கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு உங்களுக்கு என்ன விருப்பம் என்று கேட்டாள். எங்கள் ஆரூரனுக்குப் பதிலாக நான் சொல்ல வாயைத் திறக்க அவள் கையைக் காட்டி மறித்துவிட்டாள். கடைசியில் அவன், காலமை எழும்ப விருப்பம் என்றான். அவ்வளவுதான். மத்தியானம் வரை மூடிக்கொண்டு கிடப்பதை நாங்கள் நோய், வருத்தம் என்று நினைத்தோம், அவன் அது மருந்தின் வேலை என்று அறிந்து வைத்திருந்திருக்கிறான். அவள் பழைய கதையெல்லாம் வாசித்துவிட்டு, இந்த அளவு அவர் ஆசுப்பத்திரியில் படு மோசமாக இருந்த நேரம் கொடுத்தது, பிறகு ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, தை மாதப் பனிக்குப் போட்ட கோட்டோடு மனிசன் ஜூலையிலும் நடந்து திரிகிறார் என்றாள். ஒரேயடியாகக் கழட்டினால் தடிமன் பிடிக்கும், ஒவ்வொரு பொத்தானாகக் கழட்டிப் பார்ப்போம், குளிர்ந்தால் திரும்பப் பூட்டுவோம், முழுக்கக் கழட்டுவேன் என்று நான் வாக்குத் தரமாட்டேன் என்றும் சொன்னாள்.

நான் சம்மதிக்கவில்லை. உனக்கும் ஞாபகம் இருக்கும், அவன் தானாக மருந்தை நிற்பாட்டிவிட்டு, ரேடியோவில் தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று பொலிஸ் வரும்வரை போன அந்தக் காலம். ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்று இருக்கிறதை ஏன் கிண்டுவான் என்று நினைத்தேன். அப்பா மட்டும், கௌரி, நாங்கள் அவனை வைச்சிருக்கிறம், அவன் இருக்கேல்லை என்றார். உன் கொப்பர் வருடத்துக்கு ஒருதரம்தான் உருப்படியான கதை கதைப்பார், அது அன்றைக்கு வந்து சேர்ந்தது. நான் சென் றெஜிஸ் றோட்டு முருகனிடம் போய், இது பிழைத்தால் உன் வாசல் மிதிக்கமாட்டேன் என்று வெருட்டிவிட்டு வந்தேன்.

முதல் பொத்தானுக்கு ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாவதுக்குப் பிறகு ஒரு நாள் மத்தியானம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவிட்டு, அம்மா, குழம்புக்குப் புளி கூடிப்போச்சு என்றான். எனக்கு வந்ததே கோவம், நாரி முறிய நின்று சமைத்தவளுக்கு இது ஒரு பேச்சோ என்று ஏச வாயெடுத்தேன், பிறகுதான் யோசித்தேன், இத்தனை வருடத்தில் இவன் என் சாப்பாட்டில் குறை சொன்னதே இல்லையே என்று. சோறும் ஒன்றுதான் சீமெந்தும் ஒன்றுதான் என்று விழுங்கிக்கொண்டிருந்த பிள்ளை. குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்து விட்டுவிட்டு அழுதேன், சந்தோசத்தில்தான். பிறகு மெல்ல மெல்ல ஒவ்வொன்றாக வந்தது. தேத்தண்ணிக் கோப்பை பிடிக்கும்போது கை நடுங்குவது குறைந்தது. தானே முகம் வழித்தான். தலையணை எச்சிலில் நனைவது நின்றது. அப்பாவின் குறட்டைக்கு முறைப்பாடு வைத்தான். எல்லாம் வெல்லம் என்று எழுதமாட்டேன், தை மாதத்தில் சில இரவுகள் நித்திரை குழம்பி எழும்பி நடந்து திரிந்தான், ஒரு நாள் என்னோடு கோபித்துக் கதவை அடித்துச் சாத்தினான், அப்போது டொக்டர் இனிக் கொஞ்சக் காலம் இந்த இடத்திலேயே நிற்போம், கீழே இறங்க வேண்டாம் என்று நிறுத்திவிட்டாள். கிளினிக்கில் மிரெய் என்று ஒரு ஹெயிட்டிக்காரத் தாதி, என்னைப்போல வாய்க்காரி, அவள் சொன்னாள், கோபம் எல்லாம் வருத்தம் இல்லை மதாம், உங்களோடு இருந்தால் எனக்கும் கதவைச் சாத்த வேண்டி வரும் என்று. நித்திரையும் திரும்பி வந்தது.

இனிப் பங்குனி மாதக் கதைக்கு வருகிறேன். ஒரு ஞாயிறு மத்தியானம், வெளிப்படியில் பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது, அப்பா கீழ் வீட்டு அருமைராசா அண்ணையிடம் வழக்கம்போலப் போய்விட்டார். நான் மடித்த உடுப்புகளோடு அண்ணையின் அறையடிக்குப் போனால், கதவு சாத்தியிருக்கிறது, உள்ளே கதை கேட்கிறது. அவன் தனியத்தான் இருக்கிறான், ஆனால் ஒருவரோடொருவர் கதைப்பதுபோல. நான் செவியைக் கொடுத்தேன், அவன் சொன்னது இதுதான். நீ கேள். நான் கேக்கேல்லை. அவன் கேட்டிட்டான். கேட்டால் கேக்கட்டும், ஒளிச்சு வைச்சிருக்கிறான், எனக்குத் தெரியும். இதைக் கேட்டதும் என் கையில் இருந்த உடுப்பெல்லாம் கீழே. இன்னும் கொஞ்சம் நின்றேன், நிற்காமல் விட்டிருக்கலாம். பொறு பொறு, ராணி வரட்டும், வந்த உடனை வெட்டுறன் என்றான். முருகா, திரும்பக் குரல் கேட்கத் தொடங்கிவிட்டது, ஆரோ எதையோ ஒளித்து வைத்திருக்கிறானாம், ஆரோ ஒரு ராணியை வெட்டப் போகிறானாம், எல்லாம் அந்தப் பொத்தான் கழட்டின டொக்டரால் வந்த வினை என்று முடிவு கட்டிவிட்டேன்.

கதவைத் தட்டி, தம்பி என்னப்பு கதைக்கிறாய் என்று ஒரு சொல் கேட்டிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். கேட்டேனா? இல்லை. குசினிக்கு ஓடி, இருந்த கத்தியெல்லாம் எடுத்து அரிசி வாளிக்குள் புதைத்தேன். வருத்தம் உச்சத்தில் நின்ற நாளிலும் அவன் ஒரு ஈ எறும்புக்குக் கை நீட்டினவன் இல்லை, அது தெரிந்தும் புதைத்தேன், பயம் வந்தால் புத்தி எங்கே நிற்கும். பிறகு கிளினிக்கின் அவசர இலக்கத்துக்கு அடித்து என் தையல் ஃபக்டரிப் பிரெஞ்சில், குரல் வந்துவிட்டது, பழைய அளவை உடனே கொடுக்கச் சொல்லுங்கள் என்று கத்தினேன். மறுமுனையில் இருந்தவர், சாப்பிடுகிறாரா, ராத்திரி நித்திரை கொண்டாரா, அவரிடம் கேட்டீர்களா என்றார். சாப்பிட்டான், நித்திரை கொண்டான், கேட்கவில்லை என்றேன். அப்படியானால் இண்டைக்கு மருந்தை மாற்ற வேண்டாம், நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள், இடையில் ஏதும் என்றால் உடனே எடுங்கள் என்றார். அன்றைக்குப் பார்த்து அருமைராசா அண்ணை கொடுத்துவிட்ட பாரை மீனோடு அப்பா வந்து நின்று, கத்தி எங்கையப்பா, கத்தி எங்கையப்பா என்று குசினியைத் தலைகீழாகப் புரட்டுகிறார். நான் கண்ணால் காட்டுகிறேன், அந்த மனிசனுக்கு என் கண் பாஷை கல்யாணம் முடித்த நாளில் இருந்து விளங்கினது கிடையாது.

அடுத்த நாள் கிளினிக்கில் நான் முந்திக்கொண்டேன். கேட்டதை எல்லாம் ஒன்றும் விடாமல் டொக்டருக்குச் சொன்னேன், குரல், ஒளிச்சு வைச்சது, ராணியை வெட்டுறது. அவளுடைய முகமும் மாறிவிட்டது. அப்படியானால் ஒரு படி மேலே திரும்பப் போவதைப் பற்றி யோசிக்கத்தான் வேண்டும் என்று மெல்லச் சொன்னாள். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும், இல்லையா? புளி கூடிப்போச்சு என்று சொன்ன பிள்ளையைத் திரும்பப் போர்வைக்குள் அனுப்பப் போகிறேனே என்றுதான் இருந்தது பிள்ளை. அவள் அண்ணையின் பக்கம் திரும்பி, உங்களுக்குக் குரல்கள் கேட்கிறதா என்றாள். அவன் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். அம்மா, நீங்கள் கதவடியிலை நிண்டு கேட்டனீங்களே என்றான். ஓம் என்றேன். அவனுடைய வாய் ஒரு பக்கம் கோணியது, நான் அழப் போகிறான் என்று நினைத்தேன். சிரித்தான். முதலில் மூக்கால், பிறகு வயிறு குலுங்க, கண்ணில் தண்ணி வரச் சிரித்தான். சிரித்து முடித்துவிட்டு, அம்மா உங்களுக்கு விசரே என்றான்.

உனக்குத் தெரியும், ஊரில் பைத்தியத்துக்கு எங்கள் சனம் வாய்க்கு வாய் சொல்லும் சொல் அது, விசர்க் கதை கதையாதை, உனக்கென்ன விசரே என்று. அவனுக்கு வருத்தம் வந்த நாளில் இருந்து அந்தச் சொல் எங்கள் வீட்டுப் படி ஏறியதில்லை, ஆரும் விருந்தாள் தவறிச் சொல்லிவிட்டாலும் நாங்கள் எல்லோரும் குனிந்து நிலத்தைப் பார்ப்போம். அதை அவனே எடுத்து என் மேல் எறிந்தான், எவ்வளவு லேசாக எறிந்தான் தெரியுமா. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது, ஏன் சிரிக்கிறேன் என்றே தெரியாமல் சிரித்தேன். பிறகு அவன், குரல் ஒண்டும் கேக்கேல்லை அம்மா, நான்தான் கேட்டனான், நூற்றி எழுபது கேட்டனான் என்று சொல்லி, கோட்டுப் பொக்கற்றுக்குள் இருந்து ஒரு காட்ஸ் கூட்டத்தை எடுத்து டொக்டரின் மேசையில் வைத்தான்.

முன்னூற்று நாலு, பிள்ளை! உன் கொப்பரும் அருமைராசா அண்ணையும் ஞாயிறு ஞாயிறு கோயிலை மறந்து போய் இருந்து அடிக்கிற அதே முன்னூற்று நாலு ஆட்டம். கேட்கிறது என்றால் இத்தனை புள்ளி எடுப்பேன் என்று கேட்கிறது, ஒளித்து வைப்பது என்றால் துரும்புக் காட்ஸைக் கவிழ்த்து வைப்பது, வெட்டுவது என்றால் துரும்பால் ராணியை வெட்டுவது. கட்டிலில் நாலு பேருக்குக் காட்ஸ் போட்டு, நாலு பேருமாகத் தானே இருந்து பழகியிருக்கிறான். ஏன் களவாக? இந்த வீட்டுக்குள் காட்ஸ் வந்தால் நான் போய்விடுவேன் என்று கலியாணம் முடித்த வருடமே சட்டம் போட்டவள் நான்தானே, கூட்டத்தை அப்பா களவாகக் கொண்டு வந்து கொடுத்திருக்கிறார், அப்பனும் மகனும் கூட்டுக் கள்ளர். இதையெல்லாம் அவன் டொக்டருக்குப் பிரெஞ்சில் விளங்கப்படுத்தினான், எங்கட பாஷையிலை காதாலை கேக்கிறதும் வாயாலை கேக்கிறதும் ஒரே சொல் என்று. அவள் கொஞ்சம் பிந்தித்தான் சிரித்தாள், ஆனால் நல்லாகச் சிரித்தாள், மிரெய் சத்தம் கேட்டு வந்து எட்டிப் பார்த்தாள். டொக்டர் சிரிப்பை முடித்துக்கொண்டு, விழுந்த காட்ஸை எல்லாம் ஞாபகம் வைத்திருக்க வேண்டுமா என்று கேட்டாள். ஓம், எல்லாத்தையும் என்றான். முந்தி ஏலுமாக இருந்ததா என்று கேட்டாள். முந்தி மூண்டாவது காட்ஸ் விழ முதலாவது போயிடும் என்றான். அவள் அதை எழுதி வைத்தாள். மருந்து கூடவில்லை. நீங்கள் கவனிப்பது நல்லதுதான் மதாம், ஆனால் அடுத்த முறை முதலில் அவரைக் கேளுங்கள் என்று மட்டும் சொன்னாள். போன கிழமை இன்னொரு சின்னப் பொத்தான் கழட்டியிருக்கிறது, நித்திரை ஒழுங்கு, இனி வாற மாரி முடியும்வரை இதிலேயே நிற்போம் என்கிறாள். மருந்து இருக்கும், அனேகமாக என்றைக்கும் கொஞ்சம் இருக்கும், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

இப்போது காதுக் கதை. அருமைராசா அண்ணையின் பெண்சாதி நிரஞ்சனி, மகளின் பிள்ளைப்பேற்றுக்கு ரொறன்ரோ போய்விட்டா, இப்போது அண்ணையும் போய் இருந்து விளையாடுகிற அந்த மேசையில் அவதான் நாலாவது கை. இன்றைக்கு ஆள் இல்லை என்று மூன்று பேரும் என் குசினி மேசையில் வந்து குந்திக்கொண்டு என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் காட்ஸ் தொடமாட்டேன் என்றேன். அண்ணை, அம்மா வாங்கோ, நான் சொல்லித் தாறன் என்றான். அவன் என்னை ஒன்றுக்கு வா என்று கூப்பிட்டு எவ்வளவு காலம், போய் இருந்துவிட்டேன். அப்பாவும் நானும் ஒரு பக்கம், அவனும் அருமைராசா அண்ணையும் மற்றப் பக்கம். அவன் கையில் பிடித்த காட்ஸ் கொஞ்சமும் நடுங்கவில்லை, விசிறி விரித்ததுபோல நிற்கிறது, நான் என் காட்ஸை விட்டுவிட்டு அந்தக் கையையே பார்த்துக்கொண்டு இருந்தால் எங்கே வெல்வது. நூற்றி எழுபது என்றான், சொன்னபடி எடுத்தான். தோற்ற ஆட்களுக்குக் காதில் குணுக்குப் போட வேண்டுமே, அது ஊர்ச் சட்டம். பாண் பையின் வாயைப் பூட்டுகிற சின்னப் பிளாஸ்டிக் கவ்வி இருக்கிறதல்லவா, அதை நூலில் கோத்து வைத்திருக்கிறான், அம்மா தோட்டைக் கழட்டுங்கோ என்று சொல்லித் தன் கையாலேயே காதில் மாட்டி, தங்கச்சிக்குக் கடிதம் எழுதி முடிக்கும்வரை கழட்டக் கூடாது என்று தீர்ப்பும் சொல்லிவிட்டான். அப்பா தன்னுடையதோடு சாய்மனைக் கதிரையில் நித்திரை, குறட்டைக்கு அது ஆடுகிறது. நான் தோற்றது அப்பாவின் பிழையால், அதையும் எழுதி வைக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு பிள்ளை, வேலை வேலை என்று ஓடாதே. அங்கே இனிக் குளிர் தொடங்கும், நிஷானின் காதைக் குளிர் படாமல் மூடி விடு, அவனோடு வீட்டில் தமிழில் கதை. ஆவணியில் டிக்கற் மலிந்தால் மூன்று பேருமாக வரப் பாருங்கள், நாலாவது கை, ஐந்தாவது கை எல்லாம் தேவைப்படுகிறது. ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. ஃபோன் எடுத்தால் நாங்கள் எல்லோரும் அவனிடம் முதலில் கேட்பது மருந்து போட்டாச்சா என்பதைத்தானே, வணக்கம் சொல்வதுபோல அதையே கேட்டுப் பழகிவிட்டோம். இந்த முறை எடுக்கும்போது அதைக் கேட்காதே. அண்ணை எவ்வளவு கேட்டனீங்கள் என்று கேள். மருந்தை நான் பார்த்துக்கொள்கிறேன்.

உங்கள் மூவருக்கும் முருகன் துணை நிற்பான், அவனோடு நான் இப்போது கோபம் இல்லை, தேங்காய் உடைத்துச் சமாதானமாகிவிட்டேன். உன் தலையில் கை வைத்து, நிஷானின் இரண்டு கன்னத்திலும் கொஞ்சி,

ஒற்றைக் காதில் தோடும் மற்றக் காதில் குணுக்குமாக,
உன் அம்மா
கௌரி இரவிச்சந்திரன்.

கீழே கொஞ்ச இடம் விடச் சொல்லி அண்ணை நிற்கிறான், ஏதோ எழுத வேண்டுமாம். அவன் பேனை பிடித்து எத்தனை காலம், எழுத்து உருண்டு புரண்டு இருந்தாலும் குறை நினைக்காதே.

தங்கச்சி, அம்மா ஒண்டு இல்லை, ரெண்டு ஆட்டம் தோத்தவ. மற்றக் காதிலையும் குணுக்கு இருக்கு, தலைமயிராலை மூடி ஒளிச்சு வைச்சிருக்கிறா. எனக்குத் தெரியும்.
அண்ணை.